பதினோராவது குழந்தை

பிஸ்ட்ரிக் மேட்டில் இருக்கும் யேலாவின் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்தால் சரயேவோ முழுவதும் கீழே கிடக்கும். ஆற்றிலிருந்து எழும் மூடுபனி காலை ஒன்பது மணி வரைக்கும் கலையாது. முதலில் மசூதிகளின் ஊசிக் கோபுரங்கள் வெளியே வரும், அப்புறம் தேவாலயங்களின் மணிக்கூண்டுகள், அப்புறம் கூரைகள். மனிதர்கள் கடைசியாகத்தான் தெரிவார்கள். அதுவரைக்கும் வெறும் சத்தம்தான். குதிரைக் குளம்பு, தகரம் தட்டுகிறவன், யாரோ யாரையோ பெயர் சொல்லித் திட்டுவது.

அந்த ஜன்னலுக்காகத்தான் மிஸ் ஆஷ்கோம்ப் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைக்கும் அந்த மாடியை வாடகைக்கு எடுத்தாள். இங்கிலாந்துக்காரி. நாற்பதைத் தொடப்போகிற வயது, கல்யாணம் ஆகவில்லை, நெட்டையான உருவம், ஆண்பிள்ளை பூட்ஸ். சிரியாவுக்கும் குர்து மலைகளுக்கும் தனியாகப் போய்வந்து இரண்டு புத்தகம் எழுதியவள். மூன்றாவது புத்தகத்துக்கு எங்கள் ஊர் அகப்பட்டது.

எங்கள் பாஷையை இலக்கணப் புத்தகம் வைத்துப் படித்திருந்தாள். பிழையில்லாமல் பேசுவாள், அதுதான் தொந்தரவு. ரொட்டி வாங்கப் போனால்கூடப் பூசை வைக்கிற பாதிரியார் மாதிரிப் பேசுவாள். கடைக்காரன் ஒரு நிமிஷம் தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் ரொட்டியை எடுப்பான்.

அவளிடம் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்தி கோடு போட்டிருந்தாள். துருக்கியர், செர்பியர், லத்தீன்காரர், யூதர். துருக்கியர் என்றால் முஸ்லிம்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் துருக்கியைக் கண்ணால் கண்டதில்லை. லத்தீன்காரர் என்றால் யேலா மாதிரி போப்பாண்டவர் சபைக்காரர்கள். யேலாவுக்கு லத்தீன் எவ்வளவு தெரியும் என்று கேட்டால் பாதிரியாரே சிரித்துவிடுவார். இருந்தாலும் பத்தி என்று போட்டால் தலைப்பு வேண்டுமே.

பனி விலகியதும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிறவர்களைப் பேனா முனையால் காட்டுவாள். யேலா பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு பதில் சொல்வாள்.

"அந்தச் சிவப்புத் தொப்பி அணிந்தவர் எந்த இனத்தைச் சேர்ந்தவர்?"

"அவனா? அவன் கடிப்பான்."

மிஸ் ஆஷ்கோம்ப் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"பல்லு முளைச்ச அன்னைக்கே ஆரம்பிச்சுட்டான். இப்போ மருந்துக்கடை வெச்சிருக்கான், கண்ட இடத்துல மரியாதையா வணக்கம் சொல்றான். ஆனா கடிச்சவன் கடிச்சவன்தான். ரஃபோன்னு பேரு. யூதப் பையன். எழுதிக்கோங்க."

கறுப்புக் கோட்டுக்காரனைக் காட்டினால், அவன் பால் குடிக்கும்போதே தூங்கிவிடுவான், உள்ளங்காலைச் சுரண்டித்தான் எழுப்ப வேண்டும் என்பாள். யோவோ என்று பெயர், செர்பிய வியாபாரி வீட்டுப் பிள்ளை, இப்போதும் கடையில் தூங்குகிறான் என்று பெண்டாட்டி புலம்புகிறாளாம். எந்தப் பத்தியில் எழுதுவது என்று வெள்ளைக்காரிக்குத் தெரிந்தது. கடிப்பதையும் தூங்குவதையும் எங்கே எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அவளுடைய நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

யேலா அப்படித்தான் ஊரை அறிந்திருந்தாள். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்திரண்டு வயதில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரூஷா என்று பெயர் வைத்தார்கள். ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் தொட்டில் காலி, மார்பு மட்டும் நிறைந்திருந்தது. அவள் புருஷன் ஸ்டீபோ, மரவண்டி ஓட்டுகிறவன், நல்ல மனிதன். என்ன பேசுவதென்று தெரியாமல் தொட்டிலைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அதற்கு மூன்றாம் நாள் சேணம் தைக்கிற சாலிஹ் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றார். அவர் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் துணிக்குள் கிடந்தது. யேலா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

பால் கொடுக்கிற பெண்ணுக்கு ஒரு மயக்கம் வரும். அது தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கண் திறந்திருக்கும், எதிரே இருக்கிற சுவர் தண்ணீருக்கடியில் இருப்பது போல் அசையும். தெருவில் பேசுகிறவர்களின் குரல் எங்கிருந்தோ கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. அந்த மயக்கத்தில் யேலாவுக்கு மடியில் இருப்பது ரூஷாவா வேறு பிள்ளையா என்பது குழம்பிப்போகும். முதலில் அவள் அதற்காக அழுதாள். பிறகு அதற்காகவே காத்திருந்தாள். அப்படித்தான் ஏழு வருடம் ஒருவர் மாற்றி ஒருவர் பிள்ளைகள் வந்தார்கள். மசூதித் தெருவிலிருந்து வந்தது, தேவாலயத் தெருவிலிருந்து வந்தது, யூதர்களின் பெரிய முற்றத்திலிருந்து வந்தது. அழுகையில் ஒரு வித்தியாசமும் அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் வந்த அந்தச் சேணக்காரர் பிள்ளைதான் ராகிப். பதினான்கு மாதம் அவள் மடியில் வளர்ந்தவன். முஸ்லிம்களின் நியாயப்படி, பால் கொடுத்தவள் பெற்றவளுக்குச் சமம். அவளிடம் பால் குடித்த பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு, கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. ஒரு துளி வயிற்றுக்குள் போயிருந்தாலும் போதும். யேலாவின் சபையில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் ராகிப் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அவளை விடவில்லை. ஸ்டீபோ இறந்தபோது சவப்பெட்டியின் ஒரு முனையைத் தோளில் சுமந்தான். வெளியில் நின்றுதான் சுமந்தான், தேவாலயத்துக்குள் போகவில்லை. மற்றபடி சுமக்கிற விஷயத்தில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் முதல் வேலையாகப் பிஸ்ட்ரிக் மேடேறி அவள் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்வான். சனிக்கிழமைதோறும் விறகு கொண்டுவந்து போடுவான். அவளுக்கு வேறு யாரும் இல்லை என்பதைச் சொல்லாமல் சொல்வது போல, போகும்போது கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

அந்த வருடம் அவன் காதலில் விழுந்திருந்தான். ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்ததும் வரட்னிக் பக்கத்துப் பெண்கள் முற்றத்துக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே நிற்பார்கள், பையன்கள் வெளியே நிற்பார்கள். ஒரு சாண் சந்தில் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசலாம். ராகிப் ஒரே கதவில் பதினோரு வெள்ளிக்கிழமை நின்றான். அவன் சிற்றன்னை போய்ப் பெண் கேட்டு, சம்மதமும் வாங்கி வந்துவிட்டாள். இலையுதிர் காலத்தில் கல்யாணம்.

"பொண்ணு எப்படிடா?" என்று யேலா கேட்டாள்.

"தெரியலம்மா. ஒரு கண்ணும் அரை மூக்கும் பார்த்திருக்கேன். மீதியக் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கேன்."

"மீதி நல்லா இல்லன்னா?"

"அந்த ஒரு கண்ணே போதும்மா," என்றவன், விறகை அடுக்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஷெம்ஸா என்று பெயர் என்றான். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, தாயும் மகளும் மட்டும்தான். கல்யாணத்தன்று யேலா போர்த்திக்கொள்ள பட்டுச் சால்வை ஒன்று சொல்லி வைத்திருப்பதாகவும், பெற்ற தாய் உட்கார வேண்டிய இடத்தில் அவள்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னான். யேலா அன்று முழுக்க எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பீன்ஸில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். இங்கிலாந்துக்காரி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, தண்ணீர் மட்டும் மூன்று குவளை குடித்தாள்.

கோடையின் கடைசியில் ஒருநாள் மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் சாம்பல் நிறம். மிஸ் ஆஷ்கோம்ப் சமையலறைக்கு இறங்கி வந்தாள். யேலா காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனையிலும் மழைச் சத்தத்திலும் வீடு பாதி கனவில் இருந்தது.

"உங்களிடம் பால் அருந்திய குழந்தைகள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களுடைய பெயரையும் சமயத்தையும் கூறுவீர்களா?" என்றாள் வெள்ளைக்காரி.

யேலா இதுவரை அவர்களை எண்ணிப் பார்த்ததில்லை. வறுத்த கொட்டைகளை மேஜையில் ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். ராகிப். ரஃபோ. தூங்குமூஞ்சி யோவோ. ரொட்டிக்காரர் வீட்டு இரட்டைகள். ஒரு பெயர் சொன்னதும் அந்தப் பிள்ளையின் வாசனை வந்தது. ஒருத்தி கட்டை விரலைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பாள், ஒருவன் ஒரு பக்கம்தான் குடிப்பான். பத்து கொட்டை ஆயிற்று. பதினொன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இன்னொன்னு இருந்துச்சு. பேரு தெரியாது. தீப்பிடிச்ச வருஷம். மூணே நாள்."

துருக்கி ஆட்சி போய்ச் சக்கரவர்த்தியின் பட்டாளம் ஊருக்குள் வந்த அடுத்த ஆகஸ்டில் ஆற்றுக்கு அந்தக் கரையில் கடைத்தெரு முழுக்க எரிந்தது. ஜனங்கள் பாலம் தாண்டி இந்த மேட்டுக்கு ஓடி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு முஸ்லிம் குடும்பத்தை யேலா உள்ளே இழுத்துக்கொண்டாள். இளம் தாய் புகையில் மயங்கிக் கிடந்தாள், அவள் மாமியார் கையில் குழந்தை. இடது காதுக்குப் பின்னால் நெருப்புப் பொறி பட்டு வெந்திருந்தது. மாமியார் யேலாவின் காலைப் பிடிக்காத குறை. யேலா ஒரு பக்கம் ராகிபையும் ஒரு பக்கம் அந்தப் பெண் குழந்தையையும் போட்டுக்கொண்டாள். வெந்த இடத்திலும் பாலைப் பீய்ச்சி விட்டாள். மூன்று நாள் இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே குடித்தன. நாலாம் நாள் தாய் கண் விழித்தாள், உறவுக்காரர் வண்டி வந்தது, போய்விட்டார்கள். பால் விஷயத்தை மகனிடம் சொல்லி மசூதி ஹோஜாவிடம் எழுதி வைத்துவிடுவதாக மாமியார் வண்டியில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

மிஸ் ஆஷ்கோம்ப் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள்ளும் அவளால் போக முடியும். போன வாரம் வரட்னிக்கில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். அந்தப் பக்கத்தை அவள் மெதுவாக வாசித்தாள்.

"பெஹியா. மெத்தை தைப்பவரின் விதவை. பெரும் தீயில் வீட்டை இழந்தவர். கைக்குழந்தையுடன் பாலம் கடந்து ஓடினார். யாரோ ஒரு கிறிஸ்தவப் பெண் மூன்று நாள் அடைக்கலம் தந்தார். மாமியார் புகை தாக்கி இரண்டு வாரத்தில் மறைந்தார். மகளுக்கு இடது காதின் பின்னே தழும்பு. மகளின் பெயர் ஷெம்ஸா. சேணக்காரர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள்."

அடுப்பில் மிச்சமிருந்த கொட்டை கருகிப் புகைந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பார்த்தீர்களா, இது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. பெண் வீட்டாருக்குத் தெரியும் என்று யேலா இருந்தாள். இவள் வீட்டில் தங்கியதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல வேண்டியவள் மண்ணுக்குள் போய்விட்டாள். இருபத்தோரு வருடம் கழித்து ஒரு வெள்ளைக்காரியின் நோட்டில், ஒரே பத்தியில், இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. மனிதர்களைப் பிரித்து வைக்கத்தான் அவள் அந்தக் கோடுகளைப் போட்டாள் பாவம்.

கெட்டவள் இல்லை அவள். ராகிப் விறகு போட வரும்போதெல்லாம் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள், அந்தப் பையனை அவளுக்கும் பிடிக்கும். அன்று சாயங்காலம் யேலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். இந்தச் சட்டம் யேலாவின் சமயத்துச் சட்டம் இல்லை. மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளாது. இரண்டு இளம் உயிர்கள் விரும்புகின்றன. உண்மை தெரிந்தவர் உலகத்திலேயே இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி அடுத்த மாதம் ஊரைவிட்டே போகிறாள். பிறகு நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து மேஜையில் வைத்தாள். இதைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு சொல்லும் இராது என்று சத்தியம் செய்தாள்.

யேலா அடுத்த நாள் மடத்துப் பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். அவரும் அதையேதான் சொன்னார். நம் சபையில் பால் உறவு என்று ஒரு தடை இல்லை மகளே, நீ யார் வீட்டு நியாயத்தையோ தலையில் தூக்கிக்கொண்டு அலையாதே, சமாதானமாகப் போ. அவளும் வீட்டுக்கு வந்தாள். சமாதானம்தான் வரவில்லை.

ஒரு வாரம் அவள் சொப்பனத்தில் நடப்பவள் போல இருந்தாள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு குழந்தைகள் அவளையே பார்த்தன. சொன்னால் ராகிப் போய்விடுவான். உலகத்தில் அவளை அம்மா என்று கூப்பிட இருப்பது ஒரே ஒரு வாய், அந்த வாயில் அவளே மண்ணை அள்ளிப் போட வேண்டும். சொல்லாவிட்டால் சால்வை போர்த்திக்கொண்டு, தாய் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தான் பால் கொடுத்த இரண்டு பேரும் கை கோத்துப் போவதைச் சிரித்தபடி பார்க்க வேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் தவித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, மிஸ் ஆஷ்கோம்ப் இன்னொரு முறை மெதுவாகத் தொடங்கினாள். இது உங்கள் சட்டம் அன்று என்று.

யேலா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அம்மணி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பால் அவங்க ரெண்டு பேரையும் அண்ணன் தங்கச்சி ஆக்கலன்னு வெச்சுக்குவோம். அப்போ ராகிப் எனக்கு யாரு?"

வெள்ளைக்காரி நோட்டை மூடினாள்.

"யாரோ ஒரு துருக்கிப் பையன். நான் யாரோ ஒரு லத்தீன் பொம்பளை. இருபத்தோரு வருஷம் அவன் என் கைக்கு முத்தம் குடுத்தது அந்தச் சட்டத்தாலதான். விறகு போட்டது, என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்குனது, எல்லாம் அதனாலதான். எனக்கு ஆதாயம்னா அது நிஜம், நஷ்டம்னா அது பொய்யா?"

மிஸ் ஆஷ்கோம்ப் அன்று முழுக்க நோட்டைத் திறக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ராகிப் விறகோடு வந்தான். விறகின் மேல் துணியில் சுற்றிய சால்வையும் இருந்தது. அவன் அதைப் பிரித்து அவள் தோளில் போட வந்தபோது, அவள் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தீயைப் பற்றிச் சொன்னாள், காதுக்குப் பின்னால் இருந்த காயத்தைப் பற்றிச் சொன்னாள், மூன்று நாளைப் பற்றிச் சொன்னாள். அவன் முழுதாகக் கேட்டான்.

"காதுக்குப் பின்னாடி," என்றான் கடைசியில். "நேத்துதான் சொன்னா. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு. நான் சிரிச்சேன்."

யேலா கீழே விழுந்திருந்த சுள்ளியை எடுத்து விறகின் மேல் வைத்தாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்டா."

"ஏன் சொன்னே?"

"உனக்கு அம்மாவா இருக்கேனே, அதனால."

அவன் எழுந்தான். சால்வையை நாற்காலியில் வைத்தான். போகும்போது தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கவில்லை. அவன் இறங்கிப் போகிற சத்தம் கல் பாதையில் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு ஓடைச் சத்தம்தான் கேட்டது.

மற்றதெல்லாம் அவள் காதுக்கு ஊர் வழியாக வந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. வரட்னிக் ஹோஜா இரண்டு வீட்டாரையும் வைத்து விசாரித்தாராம். ஒரே ஒரு பெண்ணின் வாய்ச்சொல், அதுவும் வேற்று மதத்தவள், சாட்சியாக நிற்காது. அவள் சொல்வது பொய் என்று பையன் நினைத்தால் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம், தடையில்லை என்றாராம். எல்லாரும் ராகிபையே பார்த்தார்களாம். அவன், அவங்க பொய் சொல்ல மாட்டாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனானாம். உள் அறையிலிருந்து அந்தப் பெண் அழுத சத்தம் கேட்டதாம்.

அதைக் கேட்டபோதுதான் யேலா உடைந்து அழுதாள். அவன் தன்னை நம்பியதற்காக அழுதாளா, நம்பியதால் எல்லாவற்றையும் இழந்ததற்காக அழுதாளா, அவளுக்கே சொல்லத் தெரியாது.

மிஸ் ஆஷ்கோம்ப் அக்டோபரில் கிளம்பினாள். வண்டியில் ஏறுவதற்கு முன் யேலாவின் முன்னால் வந்து நின்று, எங்கள் ஊர் வழக்கப்படி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ஏதோ சொல்ல நினைத்தாள். அவளுடைய இலக்கணப் புத்தகத்தில் அதற்கு வாக்கியம் இருக்கவில்லை போலும்.

ஜனவரியில், பனிக்கு நடுவே, பெருநாள் வந்தது. யேலா பக்லாவா இனிப்பு செய்தாள். லத்தீன்காரி வீட்டில் பெருநாளுக்குப் பக்லாவா எதற்கு என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்கலாம், பழையவர்கள் கேட்க மாட்டார்கள். அவள் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். பனி பெய்துகொண்டே இருந்தது. மேட்டுப்பாதையில் விழுந்த வெள்ளையில் சாயங்காலம் வரைக்கும் ஒரு காலடிகூடப் படவில்லை. பக்லாவாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். விறகு சனிக்கிழமை தோறும் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் கூலிக்காரன் கொண்டுவந்தான்.

கோடையில் லண்டனிலிருந்து புத்தகம் வந்தது. தபால் ஆபீசில் ஆங்கிலம் படித்த குமாஸ்தா ஒருவர் நடுவே ஒரு படத்தைக் காட்டினார். ஜன்னலோரம் பீன்ஸ் நறுக்குகிற யேலா. கீழே, 'பிஸ்ட்ரிக் பகுதியின் லத்தீன் பெண்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். குமாஸ்தா வாசித்துச் சொன்னார்: இந்நகரின் நான்கு இனத்து மக்களும் ஒரே ஆற்றின் கரையில் வாழ்ந்தும், ஒருவர் கிண்ணத்தில் மற்றவர் அருந்துவதில்லை.

"கிண்ணத்துல குடிச்சதில்ல, அது சரிதான்," என்றாள் யேலா.

குமாஸ்தாவுக்கு அது புரியவில்லை. யேலாவுக்கு அந்த வெள்ளைக்காரியின் மேல் அன்றைக்குத்தான் நிஜமான பிரியம் வந்தது. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறாள். அதைக் காப்பாற்றப்போய்த் தன் புத்தகத்தையே பொய்யாக்கிக்கொண்டாள். அவள் கிழித்து வைத்த நிஜமான தாள் இங்கே பெட்டியில், போர்த்தாத சால்வையின் மடிப்புக்குள் இருந்தது.

இலையுதிர் காலத்தில் மூடுபனி திரும்பி வந்தது. ஷெம்ஸாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று யேலா கேள்விப்பட்டாள். நல்ல இடம், தோல் பதனிடுகிற குடும்பம் என்றார்கள். என்றைக்கு என்று அவள் விசாரிக்கவில்லை. விசாரிக்க அவள் யார்.

ஒரு வியாழக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தக் காலடியை அவள் தூக்கத்தில் கேட்டாலும் கண்டுபிடிப்பாள், ஆனால் கதவைத் திறக்க எழுந்திருக்கவில்லை, கனவு என்று நினைத்துக்கொண்டாள். கதவு திறந்தது. ராகிப் புது உடுப்பில் நின்றான். ஒரு வருடத்தில் இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். வந்தவன் குனிந்து அவள் கையை எடுத்து முத்தமிட்டு நெற்றியில் வைத்தான். வைத்த இடத்திலிருந்து உடனே எடுக்கவில்லை.

"இன்னைக்கு ஷெம்ஸாவுக்குக் கல்யாணம்," என்றான். "பொண்ணை வீட்டுக்குள்ள இருந்து வண்டி வரைக்கும் கையைப் பிடிச்சுக் கொண்டு வரணும். அப்பா இல்ல. அண்ணன்தான் செய்யணும்னு அவ என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கா."

"உன்னால முடியுமாடா?"

"தெரியலம்மா. நாலு நாளா யோசிச்சேன். அம்மா இல்லாம அண்ணன் எங்கிருந்து வருவான்னு தோணுச்சு, அதான் வந்தேன்." அவன் நிமிர்ந்தான். "கிளம்பும்மா. உன் மகளுக்குக் கல்யாணம்."

உன் மகளுக்கு. அந்தச் சொல்லை அவளிடம் யாரும் சொல்லி இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. ஒன்பது நாள் சொன்னார்கள், அதற்கப்புறம் சொல்லவில்லை. யேலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பெட்டியைத் திறந்தாள். சால்வையை ராகிப்தான் எடுத்துப் போர்த்திவிட்டான். மடிப்பிலிருந்து விழுந்த தாளை அவள் எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைத்தாள். அதற்கு இனி வேலை இல்லை.

வரட்னிக் வீட்டில் பெண்கள் கூட்டம். பெஹியா அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஒரு வருடக் கோபம் முகத்தில் இருந்தது, அது ஒரே நாளில் போகக்கூடியது இல்லை. ஆனாலும் தன் பக்கத்தில் இருந்த மெத்தையைக் கையால் தட்டிச் சரிசெய்து இடம் காட்டினாள். யேலா உட்கார்ந்தாள். பிறகு உள்ளிருந்து பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முகத்திரையை விலக்கி யேலாவின் முன் மண்டியிட்டு, கையை முத்தமிடக் குனிந்தாள். தலைமுடி ஒரு பக்கமாகச் சரிந்தது. இடது காதுக்குப் பின்னால், ஒரு பட்டாணி அளவுக்கு, பளபளவென்று அந்தத் தழும்பு.

யேலா அதை விரலால் தொட்டாள். உடனே அந்தப் பழைய மயக்கம் வந்துவிட்டது. சுவர் தண்ணீருக்கடியில் இருப்பது போல் அசைந்தது, பெண்கள் பேசுவது எங்கிருந்தோ கேட்டது. மார்பு இரண்டும் கனத்து வலித்தன. நாற்பத்து நாலு வயதில் அப்படியெல்லாம் ஆகாது என்று மருத்துவச்சிகள் சொல்வார்கள். சொல்லட்டும்.

"இன்னும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் ஷெம்ஸா.

வாசலில் ராகிப் தொண்டையைச் செருமினான். வண்டி வந்து நிற்கிறதாம், நேரமாகிறதாம். அவன் கையை நீட்டினான், ஷெம்ஸா பிடித்துக்கொண்டாள். யேலா பின்னாலேயே வாசல் வரைக்கும் நடந்து வந்து, வண்டியின் திரையைத் தானே இழுத்து மூடிவிட்டாள்.